முடிந்த நிரை

தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் பக்கத்துச் செடி நிரையில் கொழுந்து பறித்த அக்கா, முழங்கை கிழிந்த ஆம்பளைக் கோட்டுதான் போடுவார். காலையில் பறித்து முடித்த நிரைக்கே மத்தியானம் திரும்பிப் போய் மறுபடியும் கொழுந்து தேடுவார். குடியுரிமை இல்லையென்று அரசாங்கம் வேலை பெர்மிட்டை மறுத்து, அவர் புருஷனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய பிறகு வந்த மறதி அது.

"காலையில பறிச்சது இந்த நிரைதானேக்கா?" என்றேன் ஒருநாள்.

"தெரியலயேம்மா. அவரு தானா ராத்தா டவுனுல கப்பலுக்குப் போக பஸ் ஏறினப்ப சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல. அதுதான் தெரியுது."

கங்காணி வந்து கத்தினார். "நேத்து நடந்ததாவது ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு கங்காணி. நேத்துத்தான் எம்புருஷன அனுப்பினாங்க."

புருஷன் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. கங்காணிக்கும் அது தெரியும். தெரிந்தும் அரைநாள் சம்பளத்தை வெட்டினார், பாவி.