இரண்டு போத்தல் தண்ணீர்

சென்ற செவ்வாய் காலை, மொன்ட்ரியாலின் புறநகரான கர்க்லாண்டில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது சுகந்தி அக்காவின் மகள் அழைத்தாள். பிரெஞ்சில் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, "அம்மா மோசம் போயிட்டா, மாமா" என்று தமிழில் சொன்னாள். அக்கா காலமாகிவிட்டார்.

வில்லரே குழந்தைகள் காப்பகத்தில் உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட 'கார்தெரி அக்கா'வாகவே உங்களில் பலர் அவரை அறிவீர்கள். எனக்கு அவர் சக மாணவி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, நாற்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகம் சேர்ந்தவர். குடிநீரை ஆராய எங்கள் மாணவர் குழு மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போனது. ஐவரில் அவர்தான் மூத்தவர்.

ஊர் நடுவில் ஒரு குழாய்க்கிணறு. ஊர்த்தலைவர் அலைந்து திரிந்து பெற்றுத் தந்தது. எங்கள் முதல் சோதனையில் அந்தத் தண்ணீரில்தான் கிருமி தெரிந்தது. மொன்ட்ரியால் ஆய்வுகூடம் உறுதிசெய்யும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்றார் எங்கள் பேராசிரியர். எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்:

"அந்தப் பிள்ளையள் இண்டைக்கும் அதைத்தானே குடிக்குதுகள். நாங்கள் திரும்பிப் போய், பேந்து கடிதத்திலையோ சொல்லுறது?"

படிப்பே கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார். பள்ளி ஆசிரியர் ஒருவர் அவருடைய பிரெஞ்சை ஊர்மொழியில் சொல்லச் சொல்ல, தலைவர் எழுந்து வெளியேறினார். கூட்டம் இரைந்தது. என் சொல்லை நம்ப வேண்டாம் என்றார் அக்கா. இரண்டு சோதனைப் போத்தல்களைப் பெண்களிடம் கொடுத்து, ஒன்றில் அந்தக் கிணற்று நீரையும் மற்றதில் தள்ளியிருந்த பள்ளிக்கூடக் கிணற்று நீரையும் அவர்களையே நிரப்பச் செய்தார். கிருமி இருந்தால் போத்தலிலுள்ள மருந்து நாளைக்குள் நீரைக் கறுப்பாக்கிவிடும், அதுவரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் மதியம் ஒரு பெண் இரண்டையும் ஏந்திவந்தாள். பள்ளிக்கூடத்துத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மற்றது கரியாகக் கறுத்திருந்தது. தலைவர் வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, இனி யாரும் அதில் இறைக்காதபடி, தன் கையாலேயே அடிகுழாயின் பிடியைக் கழற்றினார்.

"எங்களைக் கேள்வி கேட்க எத்தனையோ பேர் வந்தார்கள்," என்றார் அக்காவிடம். "பதிலை எங்களிடம் தந்தது நீங்கள்தான்."

பல்கலைக்கழகம் அக்காவைக் கண்டித்தது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்காக அவர் ஒருநாளும் குறைபட்டதில்லை.

நான் இன்று நீர்ப் பொறியாளன். எந்த ஊருக்குப் போனாலும், அறிக்கை எழுதுமுன் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களிடம் போய்ச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கால் நடுங்குகிறது. அன்று கூட்டத்தில் அக்காவின் கால்களும் நடுங்கின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். நடுக்கத்தோடேயே எழுந்து நிற்கலாம் என்பதுதான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது.