கை வைத்தது யார்

எங்கள் ஊரில் "கை வச்சுட்டான்" என்றால் அது குற்றச்சாட்டு. வண்டியை ரிப்பேருக்கு விட்டால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியே "இதுல வேற யாரு கை வச்சது?" என்பதுதான். யாரும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் கை வைக்காத பொருள் என்று சிங்கவரத்தில் ஒன்றைக் காட்டிவிட முடியாது. மொபெட் வாங்கிய மறுநாளே பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பால் கேனுக்குக் கொக்கி அடித்துவிடுவார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கும்போது மட்டும் "ஒரிஜினல்தானே?" என்று பத்துத் தடவை கேட்போம்.

என் அம்மா கை வைத்தது மல்லாட்டை உடைக்கிற மெஷினில். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நைனா அதை வாங்கிப் போட்டார். அதற்கு முன்பெல்லாம் விதைக்கு வேண்டியதை அம்மா கையாலேயேதான் உடைப்பாள். ஆடி பிறக்கும்போது கட்டைவிரல் புண்ணாகி, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுவாள். மெஷின் வந்ததும் தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. அம்மா மட்டும் கீழே விழுந்த பருப்பை அள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"எண்ணெய் ஆட்டலாம். விதைக்கு ஆவாது. பாதிக்குப் பாதி பொளந்து கெடக்குது, எப்படி மொளைக்கும்?"

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றார் நைனா.

பேசி ஜெயிக்கிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. நான்கு நாள் கழித்து, நைனா வெளியே போயிருந்த நேரத்தில் மூடியைத் திறந்தாள். என் பள்ளிக்கூட சைக்கிளின் பழைய டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, உள்ளே சுழலும் இரும்புக் கம்பிகளில் சுற்றி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி இறுக்கினாள். முதல் தடவை ஒரே நிமிஷத்தில் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பருப்பு மேல்தோல்கூட உரியாமல் முழுசு முழுசாக விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்து சிரித்தாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அவளை அந்தச் சிரிப்போடு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

சேதி பரவி, அந்த ஆடியில் ஏழெட்டு வீட்டு விதை மூட்டைகள் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. மழை இன்றோ நாளையோ என்று இருந்தது. அப்போது பார்த்துத்தான் மோட்டார் புகைந்து நின்றுபோனது.

கியாரண்டி அட்டையை நான்தான் படித்துக் காட்டினேன். வாங்கியவரே கை வைத்தாலோ, மாற்றம் செய்தாலோ உத்தரவாதம் செல்லாது என்று போட்டிருந்தது. நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புது மோட்டாருக்கு அந்த நேரத்தில் நாங்கள் எங்கே போவது? கம்பெனிக்கு போன் செய்தேன். மறுநாளே ஆள் வருவார் என்றார்கள்.

காலையில் அம்மா டியூபையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். "மெஷின் ஓடுனா போதும் பாப்பா" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. பிரித்த ரப்பரைக் குப்பையில் போட மனசில்லாமல் மடியில் கட்டிக்கொண்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வாசலிலேயே பயம்.

கம்பெனிக்காரர் மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்தார். ஒரு கம்பியை விரலால் தேய்த்தார். விரல் கருப்பானது.

"இதுல யாருங்க கை வச்சது?"

நைனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "திண்டிவனம் ரோட்ல ஒரு மெக்கானிக் சார். வேணாம் வேணாம்னு சொன்னேன், கேக்காம ரப்பர சுத்திட்டான். அதனாலதான் மோட்டார் பூடுச்சு."

அப்படி ஒரு மெக்கானிக் உலகத்திலேயே கிடையாது.

"மோட்டார் போனது லோ வோல்டேஜாலங்க. அந்த மெக்கானிக் நம்பர் குடுங்க. விதை உடையுதுன்னு எல்லா ஊர்லயும் சொல்றாங்க, எங்களுக்கு வழி தெரியல. வாங்குனவங்க அவங்களா என்ன மாத்தி வச்சிருக்காங்கன்னு பாத்து எழுதிட்டு வரச் சொல்லி கம்பெனியே அனுப்புது. அவரு பெரிய மூளைக்காரருங்க."

நைனா என் பக்கம் குனிந்தார். "போட்டு வாங்குறான். வாயத் தொறந்துடாதீங்க."

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லாத ஒருவனுக்குப் பாராட்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மோட்டார் போய்விடுமோ என்ற பயம் எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது.

"ஒண்ணுதான் புரியல" என்றார் அவர், கம்பியைத் திருப்பிப் பார்த்தபடி. "நாங்களும் சுத்திப் பாத்தோம். ஓட்டுன ஒடனே பிச்சுக்குது. அவரு எப்படி நிக்க வச்சாரு?"



"நேரா சுத்துனா பிச்சுக்கும் சார்" என்றாள் அம்மா. "உருள எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமா சாய்ச்சு சுத்தணும். ஓட ஓட அதுவே இறுகிக்கும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிறகு மறைக்கவில்லை. மடியை அவிழ்த்து ரப்பரைக் கீழே கொட்டினாள். "மெக்கானிக்லாம் யாரும் இல்ல சார். நான்தான் கை வச்சேன்."

அவர் ரப்பரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "மோட்டார் மாத்தித் தரேம்மா. அட்டையில இருக்கறது பழைய சட்டம்" என்றார். அப்புறம் அம்மாவையே ரப்பரைச் சுற்றிக் காட்டச் சொல்லி, அதை முழுதும் போனில் படம் எடுத்தார். அடுத்த வருடம் வந்த மெஷின்களில் கம்பெனியே ரப்பர் போட்டு அனுப்பியது. எங்கள் ஊர்க்காரர்கள் அதிலும் கை வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது ஒரு தாளை எடுத்தார். "யாரு மாத்துனதுன்னு எழுதணும். பேரு சொல்லுங்கம்மா."

"அவங்க பேரையே போட்டுக்குங்க சார்" என்று அம்மா நைனாவைக் கை காட்டினாள்.

பேனா நைனா பக்கம் திரும்பியது. அம்மாவை அவர் "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். இப்போது அவள் பெயரைச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ரேஷன் கார்டில் மட்டுமே நான் பார்த்திருந்த பெயர் அது.

அம்மா டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.