சாக்கிட் இல்லை

தாயம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறாள். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. மகள் ஷர்மினி ஜொகூரில் இருக்கிறாள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால், தாயம்மா வேலை முடிந்து வந்தால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது.

நான் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி பெற்றவள். மாதம் ஒருமுறை அங்கே போய் ரத்த அழுத்தம் பார்ப்பேன். அன்று அவள் சட்டையில் இடது மார்புப் பக்கம் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. செம்பனைக் கறை ஆரஞ்சு நிறமாக இருக்கும். இது வேறு.

"இது என்ன, தாயம்மா?"

"ஒன்னும் இல்லக்கா. சின்னக் கட்டி. ஆறு மாசமா இருக்கு. கிளினிக்லயே சாக்கிட் இல்லன்னு ஆயிடுச்சி."

"எந்த டாக்டர் பார்த்தாரு?"

"யாரும் பாக்கல. பிரஷர் மருந்து எடுக்கப் போனப்ப மிஸ்ஸி 'சாக்கிட்?'னு கேட்டுச்சி. இல்லன்னு 'தா சாக்கிட்'னேன். சரின்னு அனுப்பிடுச்சி."

மலாயில் வலிக்கும் நோய்க்கும் அந்த ஒரே சொல்தான். மிஸ்ஸி, அந்தக் கிளினிக் தாதி, கேட்டது வலியை. கட்டியைப் பற்றி இவள் வாயே திறக்கவில்லை. வலியில்லை என்று தானே சொன்ன பதிலை, நோயில்லை என்று கிளினிக் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

"வேற யாருக்கும் காட்டலயா?"

"யாருக்குக் காட்ட? கண்ணாடிக்கா? அதுலயும் மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். காம்பு உள்ளே இழுபட்டு, ரத்தம் கசிந்திருந்தது. கட்டிக்கு மேலே தோல் குழிந்திருந்தது.

"வலிச்சாலும் வலிக்காட்டியும் கட்டின்னா காட்டணும்," என்றேன். "முக்கால்வாசிக் கட்டி ஒன்னும் செய்யாது. ஆனா இது எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். காம்பு உள்ள போனாலோ, தோல் குழிஞ்சாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, அக்குள்ல கட்டி தெரிஞ்சாலோ காத்திருக்கக் கூடாது. நாளைக்குக் கிளம்பு."

"நாளைக்கா? வேலை வாங்குற மண்டோர் கத்துவான்லா."

"கத்தட்டும்."

கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மார்பைப் படம் எடுத்து, கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு கேட்கும் நாளில் நானும் போனேன். புற்றுநோய்தான், அக்குளிலும் கொஞ்சம் பரவியிருக்கிறது என்றார் டாக்டர். முதலில் அறுவை, பிறகு மருந்து ஏற்ற வேண்டும்.

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா? கேளுங்கக்கா."

கேட்டேன். அப்போது சின்னதாக இருந்திருக்கும், சிகிச்சையும் குறைந்திருக்கலாம், இப்போதும் சிகிச்சை உண்டு என்றார். அதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். தாயம்மா தலையசைத்தாள்.

அறுவைக்குக் கூட வருவது யார் என்று தாதி கேட்டாள். ஷர்மினிக்கு லீவு கிடைக்குமா என்று தாயம்மாவுக்குத் தெரியவில்லை. நான் வருகிறேன் என்றேன்.

"ஒரு நாள் வருவீங்க. அப்புறம் மருந்து ஏத்துற மாசமெல்லாம் யாருக்கா வருவா?"

அத்தனை மாதம் என்னால் அலைய முடியாது. எனக்கும் எழுபத்தொன்று ஆகிறது.  தாயம்மா அறுவைக்கான ஒப்புதல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எங்கே கையெழுத்துப் போடுவது என்று தாதியிடம் கேட்டுப் போட்டாள்.