மகேஸ் டீச்சர் வீட்டு ஃப்ரீசியா

மகேஸ் டீச்சர் போய்விட்டார். முந்தாநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... எழும்பவே இல்லை.

பதினொரு வருடம் ஒரே தோட்டப் பள்ளிக்கூடம், ஒரே பஸ். அவருக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டி மட்டும்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவரைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். "நீங்கதானே டீச்சர் ரொம்ப நெருக்கம்" என்றார் அதிபர். முடியாது என்றேன். துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகம். மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். லைக் போட வேண்டாம்.

என் அம்மா நுவரெலியாப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் தெரணியகலைக்கு இறங்கி வந்தவர். பக்கவாதத்தில் படுத்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஊர் ஃப்ரீசியாப் பூ வாசம். "ஒரு தடவ மோந்து பாத்துட்டாப் போதும் புள்ள."

மாமா மேலே இருந்து பன்னிரண்டு கிழங்கு கொண்டுவந்து தந்தார். சின்ன வெங்காயம் மாதிரி இருந்தது. நான் நட்டேன். நீள நீளமாக இலை வந்தது... இலை மட்டும்தான். நம்ம ஊர்ச் சூட்டுக்கும் மழைக்கும் அது மொட்டு வைக்காது என்றார்கள்.

இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி மகேஸ் டீச்சரிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து அந்தூரியம் எல்லாம் அவர் கைராசிதான். லஞ்ச் பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டே சொன்னார். "நான் பூக்க வச்சுக் காட்டுறேன் டீச்சர். அம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அம்மா அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

தீபாவளி மழையில் ஒரு நாள், பஸ்ஸில்... "எல்லாம் அழுகிப் போச்சுங்க டீச்சர்." சொல்லிவிட்டு அழுதார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான்தான் தோளைத் தட்டித் தேற்றினேன். இறங்கியதும் பிளேன்டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளருதாம், வளருதாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின வாரம் அம்மா கண்ணை மூடிவிட்டார்.

அப்போது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்து சமைத்துப் போட்டவர் மகேஸ் டீச்சர். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதெல்லாம் நடந்து மூன்று வருடம்.

நேற்று சாவு வீட்டுக்குப் போனேன். வாசலில் தப்பு மேளச் சத்தம். கை கழுவலாம் என்று பின்பக்கம் போனால்... ஒரு வாசம். கோழிக்கூட்டுப் பக்கத்தில், மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை ரெஜிஃபோம் பெட்டிக்குள் ஐந்து சட்டி. மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, "ஹரி சுவந்தய் நேத மிஸ்?" என்றார். நல்ல வாசமாம். நான் பூவைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தேன். ஒரு வருடம் தினமும் தண்ணீர் ஊற்றிய இலை. எனக்குத் தெரியாதா?

டீச்சரின் வீட்டுக்காரர் வந்து நின்றார். த்ரீவீல் ஓட்டுகிறவர், சூதுவாது தெரியாத மனுசன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"ஒங்க அம்மா கெழங்குதாங்க டீச்சர். மூணு மாசம் அடுப்புக்கு மேல கதகதன்னு வச்சிருந்து நட்டா. மொளச்ச பெறகு வேரு குளுந்தாத்தான் மொட்டு வைக்குமாம். தெனம் மீன் கடையில ஐஸ் கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமாப் போச்சு."

"நான் இங்க வர்றப்ப ஒண்ணையும் காணலியே அண்ணே?"

"ஒங்க போன் வந்தா சட்டியெல்லாம் குளிக்கிற ரூமுக்குள்ள தூக்கி வச்சுருவா."

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் போன் பண்ணிவிட்டுத்தான் போவேன். மரியாதையாம்!

"மொதப் பூ எப்ப அண்ணே?"

"தைப்பூசத்துக்கு."

"எந்த வருசம்?"

நிலத்தைப் பார்த்தார். "அம்மா இருந்த வருசந்தாங்க."

தைப்பூசத்துக்கும் சித்திரைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம்.

"ஒரு கொத்தாவது கொண்டு போய்க் குடுன்னு நானும் சொன்னேங்க. 'ஒண்ணக் காட்டுனா மிச்சத்தையும் கேப்பா'ன்னுட்டா."

கேப்பா... பதினொரு வருடமும் என்னிடம் "வாங்க டீச்சர், சாப்பிட்டீங்களா டீச்சர்" என்றே பேசிய வாய். வீட்டுக்குள் நான் 'அவ'. பூவை மறைத்ததைவிட இது ஏன் இப்படி வலிக்கிறது என்று தெரியவில்லை.

"அஞ்சு சட்டியையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்றேன். மோந்து பார்க்கவும் குனியவில்லை. ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்?

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்புவதுதான் முறை. நேற்று அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மகேஸ் டீச்சர், நீங்கள் எனக்கு அக்கா மாதிரி. அது பொய் இல்லை. அதனால்தான் பொறுக்கவில்லை.

போய்ச் சேருங்கள். அங்கே அம்மாவைப் பார்த்தால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.