முழங்கால் மேல் இரண்டு டைல்ஸ்

எந்தத் தரையில் கால் வைத்தாலும் எங்கே மேடு, எங்கே சாய்வு என்று பாதத்தாலேயே சொல்லிவிடுவார் என்பதால், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே வைத்து, அவருக்கு ரசமட்டம் என்று பெயர். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் மத்தியில் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இருபத்திரண்டு வருஷம் முட்டி போட்டே குடும்பத்தைக் காப்பாற்றிய மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த முட்டி மேடு தட்டியது மட்டும் தெரியாமல் போயிற்று.

தெரிந்தபோது வலது முழங்காலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. அவர் அசரவில்லை. புதிதாக ஒட்டிய டைல்ஸ் எழும்பினால் மேலே பாரம் வைப்பார்கள், உட்கார்ந்துவிடும். அதே வைத்தியம்தான் இதற்கும். சிமெண்ட் தண்ணீர் ஊறிய முட்டிப் பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டி வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி, முட்டியில் துண்டை மடித்துப் போட்டு, இரண்டு டைல்ஸை அடுக்கி வைத்தார். மூன்றாம் நாள், காய்ச்சலோடு அந்தக் கோலத்தில் மனைவியிடம் மாட்டிக்கொண்டார்.

"இது காலா, குளியலறைத் தரையா?"

"ரெண்டு நாள்ல அமுங்கிடும்."

"அமுங்கப்போறது நீங்கதான். எந்திரிங்க."

டாக்டரம்மாவின் அறைக்குள் நொண்டிக்கொண்டு நுழையும்போதே கதவோரத் தரை காலடியில் 'டொக்' என்றது. வேறு நாளாயிருந்தால் நின்று தட்டிப் பார்த்திருப்பார். அன்று நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

மனைவி டைல்ஸ் பாரம் வைத்த வைத்தியத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டாக்டரம்மா புறங்கையை இரண்டு முழங்காலிலும் மாறி மாறி வைத்தாள். வலதுகால் அடுப்பாய்க் கொதித்தது. "மூட்டுக்குள்ள சீழ் போயிருந்தா மூட்டே கெட்டுடும். அப்புறம் முட்டி போடுற வேலைய மறந்துட வேண்டியதுதான். முதல்ல அதப் பாத்துடலாம்" என்று குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்கினாள். மனைவி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கால் மடங்கியது. இன்னும் கொஞ்சம் மடங்கியது.

"உள்ள வலிக்குதா?"

"இல்லம்மா. மேல தோல்தான் இழுக்குது."

"நல்லது. மூட்டுக்குள்ள இருந்தா இவ்வளவு மடக்கவே விட்டிருக்க மாட்டீங்க. முட்டிச்சில்லுக்கும் தோலுக்கும் நடுவுல, உரசாம வழுக்கிக் குடுக்க ஒரு சின்னப் பை இருக்கு. மேல சிராய்ச்சிருக்கே, அது வழியா கிருமி அதுக்குள்ள போயிருக்கும்."

பக்கவாட்டில் ஊசியைச் செருகி இழுத்தாள். கலங்கிய மஞ்சள் நீர் குழாயில் ஏறியது. ரசமட்டத்துக்கு வலி மறந்துபோய் எட்டிப் பார்க்கத் தோன்றியது. அது பரிசோதனைக்குப் போனது. மாத்திரை எழுதி, சிவப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். "சிவப்பு இந்தக் கோட்டத் தாண்டினா உடனே வந்துடணும்."

கோடு போட்டுக் கொடுத்தால் அவர் சும்மா இருப்பாரா? காலைத் தலையணையில் ஏற்றிவைத்து, மணிக்கொரு தரம் அளவு நாடாவும் கையுமாக இருந்தார். முதல் நாள் சிவப்பு கோட்டை விட்டு நகரவில்லை. மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் காலை, "ஏய், இங்க வா, அரை இஞ்ச் உள்ள வந்துடுச்சு" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். அன்று மதியமே பரிசோதனை முடிவும் வந்தது. கிருமி இன்னதென்று தெரிந்தது, அதே மாத்திரைக்கு அடங்குகிற கிருமிதான். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். மறுபடி ஒரு தடவை ஊசியில் நீர் எடுத்தார்கள். வீக்கம் வற்றியது.

ஒரு மாதம் கழித்து அதே அறையில் டாக்டரம்மா, "எங்க, மெதுவா முட்டி போட்டுக் காட்டுங்க" என்றாள்.

அவர் கட்டிலோரம் விரித்திருந்த மெத்தையைத் தாண்டி நேரே கதவோரம் போனார். பயந்து பயந்து வலது முட்டியைத் தரையில் ஊன்றினார். வலிக்கவில்லை. இன்னொரு முட்டியையும் ஊன்றினார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. விரல் மடக்கித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"உள்ள கலவை இல்ல, வெறும் காத்து. நாளைக்கே பேத்து எடுத்து ஒட்டிடறேன், டாக்டர்."

"பாரம் வெச்சா உக்காராதா?" என்றாள் டாக்டரம்மா.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எவனாவது பாரம் வெப்பானா?" என்றார் ரசமட்டம், முட்டி போட்டபடியே.