ஊரே சேர்ந்து சொன்ன இரண்டு

எனக்கு இலவசம் என்றாலே சந்தேகம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம், சும்மா வந்துவிட்டுப் போ என்று கல்லூரித் தோழி மாலதி கூப்பிட்டபோதும் அப்படித்தான். அவள் உடல்வலியை ஆராய்ச்சி செய்கிறவள். நாற்று நடும் பெண்கள் இடுப்பு வலியை எப்படி உணர்கிறார்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, டெல்டாவில் ஒரு கிராமத்தில் முகாம் போட்டிருந்தாள். புரட்டாசிக் கடைசி. எரிவாயுக் கிணறு வரப்போகிறது என்று ஊர் ஊராகக் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். நான் தாராசுரம் கோயிலைப் பார்க்கிற ஆசையில் கிளம்பினேன்.

ரயில் காலை 5.40க்குக் கும்பகோணம் வந்தது. தாராசுரம் நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 120 கேட்டார், 80க்கு வந்தார். (வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு கல்தரையில் கால் வைக்க முடியாது.) கல் யானைகளைப் பார்த்து முடித்துவிட்டு, பஸ்ஸில் திருவிடைமருதூர். அங்கிருந்து கிராமம் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை.

"அங்க எதுக்குங்க போறீங்க? கிணறு கம்பெனியா?" என்றார் டிரைவர். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இல்லீங்க. வலியப் பத்தி ஆராய்ச்சி நடக்குது, அதுக்கு."

"வலியில என்னங்க ஆராய்ச்சி? வலிச்சா வலிக்குது." சொல்லிவிட்டு என் பையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே கேமராவும் நாலு செட் துணியும்தான் இருந்தன. ஆனாலும் திருடி மாதிரி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஊர் முகப்பில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள். ஜென்மப் பகைக்காரர்கள், ஆனால் இரண்டு கம்பத்திலும் ஒரே வாசகம்: எங்கள் நிலத்தைத் தொடாதே.

முகாம் சமுதாயக் கூடத்தில். மாலதியின் உதவியாளர் கைக்கடக்கமான ஒரு கருவியை வைத்திருந்தார். அதன் ரப்பர் முனையை இடுப்பில் வைத்து மெல்ல அழுத்துவார். வலிக்க ஆரம்பித்ததும் "போதும்" என்று சொல்ல வேண்டும். பிறகு, தினமும் இருக்கிற வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு போடுவீர்கள் என்று மாலதி கேட்பாள். முதல் அம்மா இரண்டு என்றார். அடுத்தவரும் இரண்டு. அதற்கடுத்தவரும் இரண்டு. மத்தியானம் வரை வேறு எண்ணே வரவில்லை.

"இவங்க தாங்குற சக்தியே தனிடி" என்று மாலதி பூரித்துப்போனாள். எனக்கு உறுத்தியது. ஒரே அளவு செருப்பு ஊர் முழுக்கப் பொருந்துமா? ஏழுக்கு மேல் சொல்கிறவர்களுக்குத் தஞ்சாவூரில் ஸ்கேனும் சிகிச்சையும் ஏற்பாடு செய்திருந்தாள். முன்கூட்டியே சொன்னால் அதற்காகவே கூட்டிச் சொல்வார்கள் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை, பாருங்கள்.

வசந்தி என்று வைத்துக்கொள்வோம், நாற்பது வயதிருக்கும். கருவி அழுத்த அழுத்த அவர் முந்தானையைக் கடித்துக்கொண்டார். கால் கட்டைவிரல் தரையைப் பிறாண்டியது. "போதும்" மட்டும் வாயிலிருந்து வரவில்லை. உதவியாளர் தானாகவே பயந்து கையை எடுத்துவிட்டார்.

"எவ்வளவும்மா?"

"ரெண்டுங்க."

கூடத்துக்குப் பின்னால், குழாயடியில் அவரைப் பிடித்தேன். "நிஜமாவே வலிக்கலையா?"

"நீங்க கம்பெனி ஆளா?"

"இல்லீங்க. கோயில் பாக்க வந்தவ."

"சத்தியமா?"

சத்தியம் செய்த பிறகுதான் சொன்னார். "நேத்து கூட்டம் போட்டுப் பேசிட்டோம்க்கா. இப்ப அங்க வலி, இங்க நோவுன்னு சொல்லி வச்சா, நாளைக்குக் கிணறு தோண்டி சனங்க படுத்துட்டா, இதுங்க முன்னாடியே நோயாளிங்கதான்னு கை கழுவிடுவாங்கல்ல? அதான் எல்லாரும் ரெண்டு."

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"நடவுக்குப் போறவளுக்கு ஒண்ணும் இல்லைன்னா எவன் நம்புவான்?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "எட்டு. பொரண்டு படுக்க முடியலக்கா. சொல்லிடாதீங்க, ஊரு பேசுன பேச்சு."

நேராக மாலதியிடம் போய், இந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டேன். ஏதோ அறக்கட்டளையாம். அது யாருடையது? "தெரியலடி. விண்ணப்பிச்சோம், குடுத்தாங்க." எனக்குக் கோபம் வந்தது. ஆட்டோ காசுக்கே நான் மூன்று பேரிடம் விசாரிக்கிறேன். இவள் கெட்டவள் இல்லை. ஆனால் இவள் எழுதுவது கடைசியில் யார் கைக்குப் போகும் என்று இவளுக்கே தெரியவில்லை. எட்டை நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் வசந்திக்குத் தஞ்சாவூர் சிகிச்சை கிடையாது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வரப்பில் கேமராவோடு இறங்கும் முன் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று டீக்கடையில் சொல்லிவிடுங்கள். சந்தேகப்பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் நிலம். கும்பகோணத்துக்கு முதல் பஸ் காலை 7.10; விட்டால் 9.30தான். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்குச் சீக்கிரம் போய்விடுவது நல்லது.

மறுநாள் அந்த 7.10 பஸ்ஸில் நானும் வசந்தியும் போனோம். அக்காவுக்குக் கோயில் காட்டப் போகிறேன் என்று ஊரில் சொல்லியிருந்தார். மருத்துவமனையில் இளவயது டாக்டர். எண்ணெல்லாம் கேட்கவில்லை. "எங்கம்மா வலிக்குது?" என்று இடுப்பில் இரண்டு விரலை வைத்தார், அவ்வளவுதான்.

"அய்யோ அம்மா!"

வரிசை மொத்தமும் திரும்பியது. வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நம்ம ஊரு யாரும் இல்லல்லக்கா?"

"யாரும் இல்ல."

வாயிலிருந்து கையை எடுத்தார். "இன்னொரு தரம் அமுக்குங்க சார்" என்றார். "சரியான எடத்தச் சொல்றேன்."