கைக்குட்டை போட்ட நாற்காலி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டாப்பூரில் ஒரு சின்ன கேலரியில் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய மாடல் நாற்காலி, மேஜைகளைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். நடத்திய பெண் என் மகளின் சிநேகிதி. எங்கள் வீட்டு நாற்காலியையும் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். குஷாய்குடாவில் இருந்தபோது, மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் என் வீட்டுக்காரர் வாங்கியது. சாய்ந்த கால்கள், பிரம்புப் பின்னல், டம்ளர் வைக்கிற அளவுக்கு அகலமான கை. நான் குள்ளம். மகள் வீட்டு சோபாவில் கால் தொங்கி மரத்துப்போகும். இந்த நாற்காலியில்தான் என் பாதம் தரையில் படும். கீரை ஆய்வது, காபி குடிப்பது எல்லாம் இதில்தான்.

அங்கே அதை மேடையில் ஏற்றி விளக்குப் போட்டிருந்தார்கள். மிடுக்காக இருந்தது. தினம் உட்கார்கிறேன், அது எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவருக்கு நாற்காலி எங்கே தெரிகிறது?

ஒரு இளம் தம்பதி அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள். "அக்கா, இத எங்களுக்குக் குடுப்பீங்களா? புது வீட்டுக்குத் தேடிட்டே இருக்கோம்" என்று அந்தப் பெண் என் மகளிடம் கேட்டாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "என்னம்மா, குடுத்துடலாமா? உனக்கு வேற நல்லதா பாக்கலாம்."

"உன் இஷ்டம்" என்றேன். எதைக் கேட்டாலும் என் வாயில் அதுதான் வரும்.

எப்போது எடுத்துப் போவது என்பது வரை பேச்சு போய்விட்டது. உப்பல் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டே இடம் பிடித்துப் பழகியவள் நான். நகருங்கள் என்று யாரிடமும் கேட்க வாய் வராது. மெல்லப் போய், இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை நாற்காலியில் விரித்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அந்தப் பையன்தான் பார்த்தான். "போச்சு. பாட்டி சீட் போட்டுட்டாங்க."

"கைக்கும்மா, ஏன் இப்படி?" என்றாள் மகள், இந்த ஊர் உருது கலந்து. "நக்கோ, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"பஸ்ல யாரு வாயத் திறந்து சொல்றா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சரி பாட்டி, நாங்க அடுத்த பஸ்ல வரோம்."

கண்காட்சி முடிந்து நாற்காலி வீட்டுக்கு வந்தது. கைக்குட்டையை யாரும் எடுத்திருக்கவில்லை.

மரம் தேக்கா, ஈட்டியா என்று பலகையில் எழுதியிருந்ததை மகள் படித்துச் சொன்னாள், மறந்துவிட்டேன். இடமும் கொண்டாப்பூர்தானா, அதைத் தாண்டியா, தெரியவில்லை. யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.